366 ஆம் நாளில் சிக்கிய லூப்

“இஃப் புரிகிறது, வைல் லூப்பும் புரிகிறது. ஒன்றுக்குள் ஒன்றை வைத்தால் மட்டும் புரோகிராம் ஹேங் ஆகிவிடுகிறதே, ஏன்?” புரோகிராமிங் படிக்கத் தொடங்கும் பலரும் கேட்கும் கேள்வி. மைக்ரோசாஃப்டுக்கே 2008 டிசம்பர் 31 அன்று இது நேர்ந்தது. அதன் 30 ஜிபி சூன் மியூசிக் பிளேயர்கள் அன்று ஆன் செய்ததும் முதல் திரையிலேயே நின்றுவிட்டன.

இஃப் நிபந்தனையை ஒருமுறை பார்க்கும். இஃப் பொய்யானால் ஓடுவது எல்ஸ். வைல் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் பார்க்கும். உண்மையானால் மறுபடி ஒரு சுற்று ஓட்டும், பொய்யானால் வெளியே விடும். இந்தச் சுற்றுதான் லூப். இப்போதைக்கு இது போதும்.

அந்தக் கருவி தேதியை ஒரே எண்ணிலிருந்து கணக்கிட்டது: 1980 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்தால் இன்று எத்தனையாவது நாள்? அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் பகுதியின் சாரம் இது:

ஆண்டு = 1980
வைல் நாள் > 365:
    இஃப் ஆண்டு லீப் ஆண்டு:
        இஃப் நாள் > 366:
            நாள் = நாள் − 366
            ஆண்டு = ஆண்டு + 1
    எல்ஸ்:
        நாள் = நாள் − 365
        ஆண்டு = ஆண்டு + 1

பார்த்தால் குறையே தெரியாது. பேப்பரும் பேனாவும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். 2008 டிசம்பர் 31 என்பது 10593 ஆம் நாள். 28 சுற்றுகளில் 10227 நாள் கழிந்து, நாள் 366, ஆண்டு 2008 என்று நிற்கும். 366 என்பது 365-ஐ விடப் பெரியது, உள்ளே வா என்கிறது வைல். லீப் ஆண்டா? ஆம். 366-ஐ விடப் பெரியதா? இல்லை. எல்ஸ் வெளி இஃபுக்கு உரியது, அதனால் அதுவும் ஓடாது. எதுவும் மாறாமல் மறுபடி வைல். அதே 366, அதே 2008. ஹேங் என்கிறோமே, உண்மையில் பிராசஸர் மூச்சுவிடாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது! ரீஸ்டார்ட் நம் ஊரில் சர்வரோக நிவாரணி. இங்கே அதுவும் பலிக்கவில்லை, எழுந்ததும் கருவி அதே தேதியைத்தான் படித்தது. பேட்டரி தீர்ந்தபின், ஜனவரி 1 கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டி ஆன் செய்யச் சொன்னது மைக்ரோசாஃப்ட். மறுநாள் அதே 28 சுற்றுக்குப் பின் மிஞ்சும் எண் 367. அது 366-ஐத் தாண்டுகிறது, கழித்தால் 1, லூப் முடிகிறது.

இந்த மாடல் 2006 நவம்பரில் வந்தது. அது சந்தித்த முதல் லீப் ஆண்டே 2008. பிப்ரவரி 29 சிக்கலின்றிக் கடந்தது. இடறக்கூடிய ஒரே எண் 366.

அவசரக்காரர் உள் நிபந்தனையை >= 366 என்று மாற்றுவார். லூப் நிற்கும், தேதி மட்டும் 2009 ஜனவரி 0 என்று வரும்! உள் இஃபுக்கு ஓர் எல்ஸ் கொடுத்து, லூப்பை விட்டு வெளியேற்றும் பிரேக்கை அதில் போடலாம். என் விருப்பம் வேறு. லீப் ஆண்டானால் நீளம் 366, இல்லையேல் 365 என்று முதலில் வைத்துக்கொண்டு, நாள் > நீளம் என்பதையே வைலின் நிபந்தனையாக்குங்கள். ஆண்டு மாறும்போதெல்லாம் நீளத்தையும் புதுப்பிக்க வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்டதுதானே வினை?

நம் பாடத்திட்டத் தேர்வுகள் ஃப்ளோசார்ட் வரையச் சொல்லும் அளவுக்கு இப்படி ஓட்டிப் பார்க்கச் சொல்வதில்லை என்பது என் குறை.

உங்கள் புரோகிராம் நின்றால் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். வைலுக்குள் முதல் வரியாக, நிபந்தனைகளில் வரும் மாறிகளை (இங்கே நாள், ஆண்டு) பிரின்ட் செய்து மறுபடி ஓட்டுங்கள். 366, 2008 என்று ஒரே ஜோடி திரை முழுக்க ஓடினால், அந்த மதிப்புகளுக்கு எந்தக் கிளை வெறுங்கையோடு திரும்புகிறது என்று தேடுங்கள்.