கிணறு வெட்டும்போது பானை ஓடு வந்தால்

மெசப்பொத்தேமியாவின் ஊர் என்ற நகரில் ஏயா-நாசிர் என்றொரு செம்பு வியாபாரி இருந்தார். தரமில்லாத செம்பை என் தலையில் கட்டப் பார்த்தாய், நான் அனுப்பிய ஆளை அவமதித்து வெறுங்கையோடு திருப்பிவிட்டாய் என்று நன்னி என்ற வாடிக்கையாளர் அவரைத் திட்டிக் களிமண் பலகையில் ஒரு கடிதம் எழுதினார். காலம் ஏறத்தாழ கி.மு. 1750. கையில் அடங்குகிற அந்தப் பலகை இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்முடைய கடைத்தெருச் சண்டையே அதில் இருப்பதால் வாசிக்கிற எவருக்கும் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பில் பாதி, பலகை கிடைத்த இடத்தால் வருவது. 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி நடத்திய அகழாய்வில், ஒரே வீட்டில் ஏயா-நாசிருக்கு வந்த வேறு முறைப்பாட்டுக் கடிதங்களும் கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் நன்னி முன்கோபக்காரர் என்று விட்டிருப்போம். எல்லாம் ஒன்றாகக் கிடந்தபடியால்தான் வியாபாரியின் குணம் பிடிபட்டது. யாராவது அந்தப் பலகையை மட்டும் தோண்டி எடுத்து விற்றிருந்தால் இது நமக்குத் தெரியவே வந்திராது.

திருகோணமலையில் நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதும் இதைத்தான். இங்கே மண்ணுக்குள் எதுவும் இல்லாத காணி என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1950இல் கிணறு தோண்டியபோதுதான் சோமாஸ்கந்தர் உள்ளிட்ட கோணேசர் கோயிலின் வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடியபோது, கோணமலையின் அடியில் கோயிலின் கற்கள் கிடப்பதைக் கண்டார்கள். வடக்கே திரியாயில் பழைய வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. நிலாவெளியிலும் மானாங்கேணியிலும் கந்தளாயிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள். வெருகல் ஆற்றுக்குத் தெற்கே கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள். இரட்டைக் கயல் பொறித்த கல்வெட்டுக் கல்லை பிரெட்ரிக் கோட்டை வாசலில் யாரும் பார்க்கலாம். எழுத்தை வாசிக்க முடிகிறது. ஆனால் அது கோயிலின் எந்தச் சுவரில், எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது கல்லை இடம் மாற்றியவர்களோடு போய்விட்டது.

இனி வேலைக்கு வருவோம். கிணறு, மலசலகூடக் குழி, வீட்டு அத்திவாரம் தோண்டும்போது ஓடோ எலும்போ கரியோ தட்டுப்பட்டால் முதலில் மண்வெட்டியை நிறுத்துங்கள். பெக்கோ வேலை செய்தால் வாளியை உயர்த்தச் சொல்லுங்கள். மேலே வந்துவிட்ட மண்ணைத் தனியாகக் குவித்து, எந்த ஆழத்து மண் என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பின்னால் அதை அரிக்கலாம். மணல் அரிக்கிற சாதாரண வலையில் சிறிய மணிகள் விழுந்துவிடும் என்பதால், அதைவிட நெருக்கமான வலை வேண்டும்.

அடுத்தது படம். போன் போதும். குழி முழுவதும் ஒன்று, குழிச் சுவரின் மண் அடுக்குகள் தெரிய ஒன்று, பொருளுக்குக் கிட்டப் போய் ஒன்று. மூன்றிலும் ஒரு அடிமட்டம் தெரிய வேண்டும். அடிமட்டம் இல்லாத படத்தில் குடமும் குண்டுச்சட்டியும் ஒரே அளவாகத் தெரியும். ஆழத்தைக் குழியின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், விளிம்பு சரிந்திருக்கும். வீட்டுப் படி போல அசையாத ஓரிடத்திலிருந்து நூல் கட்டி, நீர்மட்டம் பார்த்து, நூலிலிருந்து கீழே அளவுநாடாவை விடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்பதையும் குறியுங்கள். நம்முடைய கரையோர மணல் சொல்லாமல் சரியும். 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழிக்குள், சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் படத்துக்காகக்கூட இறங்க வேண்டாம்.

ஓட்டைக் கழுவ வேண்டாம். உள்பக்கம் ஒட்டியிருக்கிற கரிய பொருக்கு அந்த வீட்டில் கடைசியாகச் சமைத்த சாப்பாடாக இருக்கலாம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். வெளிப்பக்கம் கூரான ஆணியால் கீறிய எழுத்தும் மண் அடைத்தபடி இருக்கக்கூடும். செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில், பழந்தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் ‘பானை உறி’ என்று எழுதிய ஓடு கிடைத்தது. உறியில் தொங்கிய பானைக்கு யாரோ பேரெழுதியிருக்கிறார்கள்! அவசரமாகத் தேய்க்கிற கை அப்படிப்பட்ட ஒன்றை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும்.

உட்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பாக, வெளிப்பக்கம் சிவப்பாக இருக்கிற ஓட்டைக் கண்டால் கூடுதல் கவனம் வேண்டும். சூளையில் பானையைக் கவிழ்த்து வைக்கும்போது, வாய் சாம்பலுக்குள் புதைந்து காற்றுப் படாத பகுதி கறுக்கும், காற்றுப் பட்ட பகுதி சிவக்கும். நம்முடைய பெருங்கற்காலத் தலங்களில் பரவலாக வருவது இந்த ஓடுதான். அதிலும் விளிம்புத் துண்டை விட்டுவிடாதீர்கள். நாலு விரல் அகலத்துக்கு இருந்தாலே பானையின் வாய் எவ்வளவு என்று கணிக்கலாம், வயிற்றுத் துண்டு அந்த அளவைத் தராது.

நாணயத்தைப் புளியாலும் தேசிக்காயாலும் துலக்குவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிற சேதம். செம்பின் மேல் படிந்த பச்சைப் படலத்துக்குள்தான் எழுத்தும் உருவமும் தங்கியிருக்கும். புளிப்பு அதைத் தின்றால் பளபளக்கிற வெறும் வட்டத் தகடு மிஞ்சும்.

கரித்துண்டைக் கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து வைக்க வேண்டும். கடுகளவு கரி இருந்தாலே காலத்தைக் கணிக்க ஆய்வுகூடத்துக்குப் போதும். ஆனால் அது எந்தப் பொருளோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அங்கே கணித்துச் சொல்கிற ஆண்டுக்கு அர்த்தமில்லை. கரியில் இருக்கிற கதிரியக்கக் கரிமம்-14 ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைவதை வைத்து, அந்த மரம் எப்போது உயிரோடு இருந்தது என்றுதான் கணிக்கிறார்கள். பழைய மரத்தின் வைரம் எரிந்த கரியானால், அடுப்பு மூட்டிய காலத்தைவிட முந்திய ஆண்டு வரும். எலி வளைக்குள் மேலிருந்து விழுந்த கரியானால் பிந்திய ஆண்டு வரும். கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்று வந்ததை நாம் நம்புவது, அந்த ஆழமும் அடுக்கும் பதிவில் இருப்பதால்தான். சிவகளை இரும்புக்கு கி.மு. 3345 வரை போகிற காலக்கணிப்பை 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்டபோது, நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டு மட்டும்தான் சுற்றியது. எந்தத் தாழியில், எந்த மாதிரியில் அந்த ஆண்டு கிடைத்தது என்று தேடி வாசியுங்கள்.

கடல் இதற்கு நேர்மாறு. நிலத்தில் கிடைத்ததை நனைக்கக் கூடாது, கடலில் கிடைத்ததைக் காயவிடக் கூடாது. வலையில் வந்த சாடியை வெயிலில் வைத்தால் ஓட்டுக்குள் ஊறிய உப்பு பளிங்காகி, மேல்பூச்சு செதில் செதிலாகக் கழன்றுவிடும். மரம் சுருங்கி வெடிக்கும். இரும்பு சில நாட்களிலேயே பொருக்கு விட்டுப் பிளக்கும். வந்த கடல்நீரிலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் அமிழ்த்தி மூடி, நிழலில் வையுங்கள். நல்ல தண்ணீருக்கு மாற்றுவதைப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வலை போட்ட இடத்தை ஜீபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வதுதான் மீனவரிடம் நாங்கள் கேட்கிற பெரிய உதவி. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் கடலடியில் கிடக்கும், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான கப்பலின் செய்தியும் மீனவர் வழியாகத்தான் ஆய்வாளருக்கு வந்தது.

அறிவிப்பது பற்றி. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். உங்கள் காணியில் கிடைத்தது என்பதால் மட்டும் அது உங்களுடையதாகாது, மறைப்பதும் விற்பதும் குற்றம். ‘சொன்னால் காணி போய்விடும்’ என்று இங்கே பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதலில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ஆனாலும் ஓட்டை ஒளித்துக் குழியை மூடினால், நம்முடைய மூதாதையர் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான சாட்சியை நாமே அழிக்கிறோம். காணி உறுதி ஒரு பானை ஓட்டால் மாறாது. கிராம உத்தியோகத்தருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். படங்கள், அளவுகள், கண்ட திகதி, நேரம் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்கிக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். அதிகாரிகள் வரும்வரை பொருளின் மேல் உரப்பையை விரித்து, தோண்டிய அதே மண்ணால் ஒரு சாண் கனத்துக்கு மூடி, மழைநீர் இறங்காதபடி குழியைச் சுற்றி வரம்பு கட்டிவிடுங்கள்.