ஹைட்ரஜனுக்கு ஒரு வடிகால்: மாட்டின் ஏப்பத்தில் மீத்தேன் வருவது ஏன்?

மாடு மீத்தேன் வெளியிடுகிறது என்று சொன்னதும் பலருக்கு அதன் வால் பக்கமே நினைவுக்கு வருகிறது. உண்மையில் அந்த வாயுவின் மிகப் பெரும் பகுதி வாய், மூக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது. நிழலில் படுத்து அசைபோடும் மாடு அடிக்கடி ஏப்பம் விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்த வாயுவில் ஒரு பகுதி முதலில் நுரையீரலுக்குள் இழுக்கப்பட்டுப் பிறகு மூச்சுக்காற்றோடு கலந்து வருவதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அது பெரும்பாலும் தெரிவதில்லை.

நன்கு தீவனம் உண்ணும் ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேனை வெளியேற்றுகிறது. 400 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் அடங்கிய ஆற்றல் நம் சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்றின் ஆற்றலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் சமமாகிவிடும். இது மாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய தீவனத்திலிருந்து போகும் ஆற்றல். தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை, பெரும்பாலும் 6 விழுக்காட்டை ஒட்டி, இப்படிக் காற்றில் கரைகிறது. கால்நடை ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக இதை அளந்து வருவதற்குத் தொடக்கத்தில் இந்த இழப்பே காரணம். புவி வெப்பமாதல் பற்றிய கவலை பிறகு வந்து சேர்ந்தது. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே நிலைக்கிறது என்றாலும், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. அவற்றுள் முதலாவதும் பெரியதுமான ரூமன் என்னும் அசையூண் வயிறு, வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உயிர்வளி இல்லாத, ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அந்தத் தொட்டியில் ஒவ்வொரு மில்லிலிட்டர் சாற்றிலும் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்களும், அவற்றோடு புரோட்டோசோவா என்னும் ஒற்றைச்செல் உயிர்களும் பூஞ்சைகளும் வாழ்கின்றன. வைக்கோலில் உள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மாட்டிடம் கிடையாது. அது இந்த நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது. ஆகவே மாட்டுக்குத் தீவனம் போடுகிறோம் என்பது பாதி உண்மைதான். நாம் முதலில் உணவிடுவது நுண்ணுயிர்களுக்கு. அவை செல்லுலோஸையும் மாவுச்சத்தையும் சர்க்கரையாக உடைத்து, சர்க்கரையைப் புளிக்கவைத்து, அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை வெளியே விடுகின்றன. மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்த மூன்று அமிலங்களிலிருந்து கிடைக்கிறது.

மீத்தேனின் கதை இந்தப் புளிப்பில்தான் தொடங்குகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு அசிட்டிக் அமில மூலக்கூறுகளாக மாறும்போது நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மிஞ்சுகின்றன. பியூட்டிரிக் அமிலமாக மாறினால் இரண்டு மிஞ்சுகின்றன. புரோப்பியோனிக் அமிலமோ இதற்கு நேர்மாறானது. அது உருவாக இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன, அதாவது அது ஹைட்ரஜனை உண்கிறது. உயிர்வளி இருக்கும் இடமாக இருந்தால் மிஞ்சிய ஹைட்ரஜனை நீராக்கிவிடலாம். ரூமனில் அந்த வழி இல்லை. ஹைட்ரஜன் தேங்கினால் புளிப்பின் வேதிவினைகள் முன்னே செல்ல முடியாமல் திணறும், நார்ச்சத்தின் செரிமானமும் மந்தமாகும்.

இந்தத் தேக்கத்தை நீக்குபவை மெத்தனோஜென்கள் என்னும் நுண்ணுயிர்கள். அவை நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கரியமில வாயு மூலக்கூறோடு சேர்த்து மீத்தேனும் நீருமாக மாற்றி, அந்த வினையில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் வாழ்கின்றன. இவை பாக்டீரியாக்கள் அல்ல. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியா என்ற தனி உயிர்க்கிளை இருப்பதை முதன்முதலில் கண்டறிந்ததே மெத்தனோஜென்களின் மரபுப்பொருளை ஆராய்ந்தபோதுதான். இவற்றுள் ஒரு பகுதி புரோட்டோசோவாக்களின் உடலில் ஒட்டியும் உள்ளே புகுந்தும் வாழ்கிறது. ஹைட்ரஜன் ஊறும் இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டதுபோல.

ஆக, மீத்தேன் மாட்டின் குற்றமும் அன்று, தீவனத்தின் குறையும் அன்று. அது ஹைட்ரஜன் வெளியேறும் வடிகால். மீத்தேனைக் குறைக்க எந்த உத்தியை யார் முன்வைத்தாலும், அதனிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஹைட்ரஜன் இனி எங்கே போகும் என்பதுதான்.

முதலில் தோன்றும் விடை, புரோப்பியோனிக் அமிலத்தைக் கூட்டுவது. மக்காச்சோளம் போன்ற தானியங்கள் மிகுந்த அடர்தீவனம் அதைச் செய்கிறது, மீத்தேனும் குறைகிறது. ஆனால் மாட்டின் மடி பாலின் கொழுப்பைப் பெருமளவு அசிட்டிக் அமிலத்திலிருந்தே உருவாக்குகிறது. கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து விலை போடும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுபவருக்கு, ஹைட்ரஜனை மிச்சம் வைக்கும் அதே அமிலம்தான் காசு. தவிர, மாவுச்சத்து வேகமாகப் புளிப்பதால் அமிலம் பெருகி ரூமன் கெட்டுவிடும். மாட்டுப்பொங்கலன்று அன்பு மிகுதியில் குண்டான் குண்டானாகப் பொங்கலும் சோறும் ஊட்டப்பட்ட மாடு மறுநாள் தீனி எடுக்காமல் வயிறு உப்பிக் கிடப்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அது இந்த அமில நோயே. இதைத் தடுக்கும் இயற்கையான ஏற்பாடு உமிழ்நீர். நார்த்தீவனத்தை அசைபோடும்போது நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் சுரக்கும் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது. மெல்ல வேண்டாத சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

இரண்டாவது விடை, மெத்தனோஜென்களையே முடக்குவது. மீத்தேன் உருவாக்கத்தின் கடைசிப் படியைச் செய்யும் நொதியின் மையத்தில் நிக்கல் அணு ஒன்று இருக்கிறது. 3-நைட்ரோஆக்சிபுரோப்பனால் என்ற சிறிய மூலக்கூறு அந்த நொதியின் வழக்கமான துணைப்பொருளின் வடிவத்தை ஒத்திருப்பதால் உள்ளே நுழைந்து, நிக்கலின் ஓர் எலக்ட்ரானைப் பறித்து, நொதியைச் செயலிழக்க வைக்கிறது. டிஎஸ்எம் நிறுவனம் உருவாக்கிய இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும், அமெரிக்கா 2024இலும் ஒப்புதல் அளித்தன. ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே கறவை மாடுகளில் மீத்தேன் சுமார் 30 விழுக்காடு குறைகிறது. அப்போது ஹைட்ரஜன் எங்கே போகிறது என்றால், ஒரு பகுதி புரோப்பியோனிக் அமிலத்துக்குத் திரும்புகிறது; இன்னொரு பகுதி ஹைட்ரஜன் வாயுவாகவே மூச்சில் வெளியேறுகிறது. வடிகாலை அடைத்ததால் மிச்சமாகும் ஆற்றல் பாலாக மாறும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறவில்லை. பாலின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. விவசாயி எதற்காக இதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த மூலக்கூறு சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடுவதால், நாள் முழுவதும் உண்ணும் தீவனத்தில் சீராகக் கலந்திருக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போய்விட்டுக் காலையும் மாலையும் கறவை நேரத்தில் மட்டும் அடர்தீவனம் பெறும் மாட்டுக்கு இது பொருந்துவது கடினம். நார்ச்சத்து கூடக்கூட இதன் வீரியம் குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன.

அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியும் புரோமோஃபார்ம் என்ற பொருளின் வழியே அதே கடைசிப் படியைத்தான் தடுக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கறவை மாடுகளுக்கு இதைத் தீவனத்தில் 1 விழுக்காடு சேர்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் மீத்தேன் 67 விழுக்காடு குறைந்தது. செய்தித் தலைப்புகள் அதோடு நின்றுவிட்டன. அதே மாடுகள் உண்ட தீவனம் 38 விழுக்காடும் கொடுத்த பால் 11 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்தன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

நமக்கு நெருக்கமான பொருள் ஒன்றும் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறது: புளியங்கொட்டையின் பழுப்புத் தோல். கொட்டையின் பருப்பு நூலுக்குக் கஞ்சி போடவும் பிறவற்றுக்கும் போய்விட, மிஞ்சும் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. இதைக் கலப்பினக் கறவை மாடுகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பெங்களூருவில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் பின்னர் டானின் நிறைந்த தாவரப் பொருள்களைக் கொண்டு ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கி, மீத்தேன் 17 முதல் 20 விழுக்காடு குறைவதாக அறிவித்தது. டானின் புரோட்டோசோவாக்களையும் அவற்றை ஒட்டி வாழும் மெத்தனோஜென்களையும் குறைக்கிறது. அளவு மீறினால் நார் செரிப்பையும் புரதச் செரிப்பையும் சேர்த்தே குறைக்கும். செரிமானம் குறைந்ததால் மீத்தேன் குறைந்தது என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; பட்டினி போட்டாலும் மீத்தேன் குறையும். எண்ணெய் நீங்காத புண்ணாக்குகளும் இதே வகைதான்: கொழுப்பு மீத்தேனைக் குறைக்கும், ஆனால் தீவனத்தின் உலர் எடையில் 6, 7 விழுக்காட்டைத் தாண்டினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்களைத் திணறடிக்கும்.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளும் ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை வைக்கோலையும் தட்டையையும் நம்பி வாழ்பவை. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 விழுக்காடே. சிலிக்காவும், நாரை இறுகப் பிணைக்கும் செரிக்காத பொருளான லிக்னினும் மிகுதி. போதிய நைட்ரஜன் கிடைக்காத நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுகின்றன, வைக்கோல் ரூமனிலேயே நெடுநேரம் கிடந்து அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் உண்டாக்குகிறது, பாலோ ஏறுவதில்லை. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 150 கிராம் மீத்தேன் விட்டு 3 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு லிட்டருக்கு 50 கிராம் ஆகிறது; 250 கிராம் விட்டு 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 25 கிராம்தான். லிட்டர் கணக்கு ஏமாற்றக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும்: மாடுகளின் எண்ணிக்கை குறையாமல் ஒவ்வொன்றும் அதிகம் தின்றால் வானத்துக்குப் போகும் மொத்த மீத்தேன் கூடவே செய்யும். ஆனாலும், மருந்து வாங்கி வடிகாலை அடைப்பதைவிட, அதே ஹைட்ரஜனுக்கு அதிகப் பாலைப் பெறுவதே நம் தொழுவங்களுக்கு முதலில் பொருந்தும் வழி என்று நான் கருதுகிறேன். தேசியப் பால்வள வாரியத்தின் சரிவிகிதத் தீவனத் திட்டம், உள்ளூரில் கிடைக்கும் பொருள்களையே சரியான அளவில் மாற்றிக் கொடுத்து மீத்தேனைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்ததாகக் காட்டியிருக்கிறது. வேலிமசால், அகத்தி போன்ற புரதம் மிகுந்த பசுந்தீவனங்களும் இதற்கு உதவும்.

இவை எதுவும் இல்லாத இடத்தில் யூரியா ஊட்டிய வைக்கோல் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 65 லிட்டர் நீரில் முழுமையாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள்கள் வைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி லிக்னின் பிணைப்புகளைத் தளர்த்துவதோடு, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனையும் சேர்க்கிறது. பிரித்தெடுத்த வைக்கோலை அம்மோனியா நெடி போகும்வரை ஆறவைத்துத்தான் மாட்டுக்குப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அந்த அம்மோனியாவைப் புரதமாக மாற்றும் நுண்ணுயிர்க் கூட்டம் அவற்றின் ரூமனில் இன்னும் முழுமையாகக் குடியேறியிருக்காது.