தோல் மேல ஒண்ணும் தெரியல, உள்ள என்ன நடக்குது?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புல வேலை செய்யுற, சுகர் இருக்குற ஒருத்தருக்கு கால்ல முள்ளு குத்திடுச்சுன்னு வைங்க, ரெண்டு நாள்ல வீங்கி செவந்துச்சுன்னா வீட்ல பத்து போடுவாங்க, இல்ல மெடிக்கல்ல மாத்திரை வாங்குவாங்க. பெரும்பாலும் அது தோல், அதுக்குக் கீழ கொழுப்பு, அதோட நிக்கிற இன்ஃபெக்‌ஷன்தான், ஆன்டிபயாடிக் போட்டா அடங்கிரும். இன்னும் கீழ இறங்குனாதான் ஆபத்து. ஆட்டுத்தொடை வெட்டும்போது கறி மேல வெள்ளையா ஒரு ஜவ்வு இருக்கும்ல, நம்ம தசையை சுத்தியும் அது இருக்கு. கிருமி அது வழியா ஓட ஆரம்பிச்சா வெளிய லேசாதான் செவந்திருக்கும், ஆனா வலி உயிர் போகும், சில மணி நேரத்துல நெலமை மாறிடும். இதுக்குப் பேரு நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ், அதாவது ஜவ்வை சாகடிச்சுக்கிட்டே பரவுற நோய்.

எம்ஆர்ஐ ஸ்கேன் பாக்குறது இந்த ஜவ்வைத்தான். தண்ணி, கொழுப்பு ரெண்டுலயும் ஹைட்ரஜன் இருக்கு, 1.5 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) காந்தத்துக்குள்ள படுக்க வச்சு 64 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல ரேடியோ அலை அனுப்புனா அந்த ஹைட்ரஜன் அதை வாங்கிட்டு திரும்ப சிக்னல் குடுக்கும். இதுல கொழுப்போட சிக்னலை மட்டும் அமுக்கிட்டா நீர் கோத்த இடம் பளிச்சுனு வெள்ளையா நிக்கும். ஆழத்துல இருக்குற ஜவ்வு 3 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சு, பக்கத்து பக்கத்து தசைக்கட்டுலயும் அதே வெள்ளை பரவியிருந்தா ரேடியாலஜிஸ்ட் உஷாராயிடுவாரு. கேடோலினியம் ஊசி போட்டா ரத்தம் ஓடுற இடம் பிரகாசமாகும், செத்துப்போன சதைக்கு மருந்தே போகாது, அது கருப்பாவே கிடக்கும். (கிட்னி ரொம்ப கெட்டவங்களுக்கு இந்த ஊசிய யோசிச்சுதான் போடுவாங்க, சுகர்காரங்கள்ல அப்படி நிறைய பேர் இருக்காங்களே.)

என்னைக் கேட்டா இதோட பலம்தான் பலவீனமும். நீர் இருந்தா காட்டிடும், ஏன் கோத்துச்சுன்னு சொல்லாது, சாதா வீக்கம், அடிபட்டது எல்லாமே வெள்ளைதான். அதனால ஆழத்து ஜவ்வு சுத்தமா இருந்தா பெரும்பாலும் நிம்மதி, வெள்ளையா இருந்தா மட்டும் முடிவு கட்டிட முடியாது.

அப்புறம் நேரம். ஸ்கேனுக்கே அரை மணி, முக்கால் மணி ஆகும், அரூர் பக்கமிருந்து தர்மபுரி வந்து சேர்ற நேரமும் இருக்கு. பிரஷர் இறங்குது, தோல்ல கொப்புளம் கருக்குதுன்னா சர்ஜன் ஸ்கேனுக்கு காத்திருக்கக் கூடாது, நேரா ஆபரேஷன் தியேட்டர்தான். அங்க கீறிப் பாத்து, ஜவ்வு சாம்பல் கலர்ல இருக்கா, கலங்கல் தண்ணி வருதா, விரலை விட்டா தடையே இல்லாம பிரியுதான்னு பாப்பாங்க, அதுதான் கடைசி டெஸ்ட்.