அறுமுனை நட்சத்திரமும் ஒலிக்காத கல்மணிகளும்

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், நூறாண்டு கடந்த அரசு அலுவலகம் ஒன்றில் சுவர் ஓதம் காக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். வடக்குச் சுவரின் மேற்பகுதி நெடுகப் பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, கூரைக்குச் சற்றுக் கீழே வரிசையாக அமைந்திருந்த ஆறு காற்றுத்துளைகளும் சிமென்ட் கலவையால் அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துளையிலும் சுட்ட மண்ணாலான அறுமுனை நட்சத்திரச் சல்லடை இருந்ததாகவும், அது ஏதோ இரகசியச் சங்கத்தின் முத்திரை என்று கைபேசியில் வந்த செய்தியை நம்பி, அலுவலகத்துக்கு ஆகாது என்று அதை மூடிவிட்டதாகவும் அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தி சான்றாகக் காட்டியிருந்தது தில்லியிலுள்ள குடியரசுத் தலைவர் மாளிகையை.

அந்த மாளிகையின் முன்வெளியில் 145 அடி உயர ஜெய்ப்பூர் தூண் நிற்கிறது என்பதும், அதன் உச்சியில் வெண்கலத் தாமரையும் அதன்மேல் கண்ணாடியாலான அறுமுனை நட்சத்திரமும் இருக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அதே தில்லியில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹுமாயூன் கல்லறையின் வளைவுகளுக்கு மேலும் அறுமுனை நட்சத்திரங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊரில் இரு முக்கோணங்கள் பின்னிய அதே வடிவத்தின் ஆறு மூலைகளில் ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்தை எழுதி முருகனின் சக்கரமாக வழிபடுகிறோம். ஒரு வடிவத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்து அதன் பொருள் இதுதான் என்று சொல்ல முடியாது; அதை யார் வைத்தார்கள், யாருடைய செலவில், யார் பார்ப்பதற்காக வைத்தார்கள் என்று கேட்டால்தான் அது பேசத் தொடங்கும்.

அப்படிக் கேட்டால், தில்லியில் அந்த மாளிகை நிற்கும் ரைசினா குன்றில் உள்ள கட்டடங்கள் நிறையவே பேசுகின்றன. 1911 டிசம்பர் 12 அன்று, தில்லி தர்பாரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் வைசிராயின் மாளிகையை வடிவமைக்கும் பொறுப்பு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸிடமும், அதன் முன்னால் நிற்கும் இரு தலைமைச் செயலகக் கட்டடங்களின் பொறுப்பு ஹெர்பர்ட் பேக்கரிடமும் சென்றன. லட்யன்ஸுக்கு இந்தியக் கட்டடக் கலைமீது மதிப்பு இருக்கவில்லை. அதை இகழ்ந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அப்போது வைசிராயாக இருந்த ஹார்டிங் பிரபுதான், இந்த நாட்டு மக்களின் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாத கட்டடம் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆகவே அங்குள்ள இந்தியக் கூறுகளைப் பார்க்கும்போது, அவை அரசியல் கட்டளையின் பேரில் வந்தவை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

மாளிகையின் குவிமாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வேலி வேலைப்பாடு, சாஞ்சியிலுள்ள பௌத்தத் தூபியைச் சுற்றிய வேதிகை என்ற கல்வேலியை அப்படியே நினைவூட்டுவது. சாஞ்சியில் அந்த வேலிக்கு ஒரு வேலை இருக்கிறது: அது வலம்வரும் பாதையை வெளியுலகிலிருந்து பிரித்துக் காட்டுகிறது, புத்தரின் முற்பிறவிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எளிய மனிதரும் அதற்குள்ளே நடந்து செல்லலாம். ரைசினாவில் அதே வேலி யாருடைய காலும் படாத உயரத்தில், தொலைவிலிருந்து பார்ப்பதற்கான ஓர் அலங்காரப் பட்டையாக நிற்கிறது. துறவின் சின்னம் அதிகாரத்தின் தலைக்கு மகுடமாகிவிட்டது. என் கண்ணுக்கு இந்தக் கட்டடத்தின் மிக ஆழமான குறியீடு இதுதான். இதைக் காண எந்த இரகசியச் சங்கமும் தேவையில்லை.

தூண்களின் தலைப்பகுதியான போதிகைகளில் தொங்கும் கல்மணிகளைப் பற்றித்தான் கதைகள் அதிகம். கோயில் மணியின் வடிவத்தை மூலைகளில் சேர்த்து லட்யன்ஸ் உருவாக்கிய இந்தப் போதிகை வகைக்கு ‘தில்லி ஆர்டர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கர்நாடகத்திலுள்ள மூடபித்ரி சமணக் கோயிலிலிருந்து இந்த வடிவம் வந்ததாகச் சொல்வதுண்டு. மணி ஒலித்தால் ஆளும் வம்சம் முடியும், கல்லில் செதுக்கிய மணி ஒருபோதும் ஒலிக்காது, ஆகவே ஆங்கிலேய ஆட்சிக்கும் முடிவில்லை என்பது இதைச் சுற்றி வழங்கும் கதை. புதுதில்லி 1931 பிப்ரவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1947 ஆகஸ்டில் அந்த ஆட்சி முடிந்தது. மணிகள் இன்னும் மௌனமாகத்தான் இருக்கின்றன.

குறியீடே இல்லாத இடத்தில் குறியீட்டைக் காண்பதும் நடக்கிறது. கிழக்கிலிருந்து, குன்றின் அடியிலுள்ள விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்க நெருங்க மாளிகை மண்ணுக்குள் இறங்குவதுபோல் மறைந்து, குவிமாடம் மட்டும் எஞ்சும். ஆள்பவர் மக்களின் பார்வைக்கு அகப்படக் கூடாது என்பதற்காகவே இப்படிக் கட்டினார்கள் என்று விளக்கம் சொல்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். நடந்தது வேறு. செயலகக் கட்டடங்களும் குன்றின்மேல் மாளிகைக்குச் சமமான தளத்தில் நிற்க வேண்டும் என்று பேக்கர் விரும்பினார். அதற்காக மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. சாலையின் சரிவைக் காட்டிய திட்டத்தில் இருவருமே ஒப்பமிட்டார்கள். அந்தச் சரிவு தம் மாளிகையை மறைத்துவிடும் என்பதை லட்யன்ஸ் பின்னர்தான் உணர்ந்தார். மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடித் தோற்றார். நெப்போலியனின் வாட்டர்லூவைப் போலத் தமக்கு நேர்ந்த தோல்வியைப் ‘பேக்கர்லூ’ என்று கசப்புடன் சொன்னார். இரு நண்பர்களின் உறவை முறித்த சரிவுக் கணக்கு அது.

அதேபோல, சுவரிலிருந்து அகலமாக வெளியே நீளும் கல் சஜ்ஜாக்களை நம் ஸ்தபதிகள் பார்த்தால் கொடுங்கை என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதன் வேலை உச்சி வெயிலையும் சாய்மழையையும் சுவரில் படாமல் தடுப்பது. அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

உண்மையில் இந்தக் குன்றில் நம்மைச் சுட வேண்டிய செய்தி எங்கும் ஒளித்துவைக்கப்படவில்லை. வடக்குச் செயலகத்தின் வாயிலுக்கு மேலே அது ஆங்கிலத்தில் வெட்டவெளிச்சமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது: சுதந்திரம் ஒரு மக்களிடம் தானாக இறங்கி வராது, மக்கள்தாம் தங்களை அதன் தகுதிக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும், துய்ப்பதற்கு முன் உழைத்து ஈட்ட வேண்டிய பேறு அது என்பது அதன் கருத்து. அடிமைப்படுத்தியவன் அடிமைப்பட்டவனுக்குச் சொன்ன அறிவுரை அது. அருகில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் கொடுத்த நான்கு தூண்கள் உச்சியில் கப்பல்களைத் தாங்கி நிற்கின்றன. அந்நாடுகள் அப்போது தன்னாட்சி பெற்றிருந்தன. தூண்களைப் பெற்றுக்கொண்ட இந்தியாவுக்கு அந்தத் தகுதி தரப்படவில்லை. நட்சத்திரத்தின் முனைகளை எண்ணிக்கொண்டிருக்கும் செய்தி எதிலும் இந்த வாசகத்தை நான் கண்டதில்லை.

ஒரு கட்டடத்தின் பொருளை அதில் குடியிருப்பவர்கள் மாற்றவும் முடியும். 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்று அங்கு குடியேறிய முதல் இந்தியரான ராஜாஜி, வைசிராயின் படாடோபமான அறைகளைத் தவிர்த்துச் சிறிய பகுதியொன்றில் தங்கினார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அதே பகுதியில் வசித்துவருகிறார்கள். வைசிராயின் பெரிய அறைகள் விருந்தினர்களுக்கு ஒதுக்கப்பட்டன. மாளிகை நிலத்தின் ஒரு பகுதியில் அவர் தானியம் பயிரிடவும் செய்தார். வைசிராயின் அரியணைகள் இருந்த, 2024 வரை தர்பார் மண்டபம் என்று அழைக்கப்பட்ட கூடத்தில் இன்று குடியரசுத் தலைவரின் இருக்கைக்குப் பின்னால் குப்தர் காலப் புத்தர் நிற்கிறார். ஒரு கல்லையும் உடைக்காமல் நடந்த மாற்றம் இது.

ஆகவே பழைய அரசுக் கட்டடங்களில் பணிபுரியும் அலுவலர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான். புரியாத உருவம் ஒன்று கண்ணில் பட்டால் அதன்மேல் கைவைக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். பொதுப்பணித் துறையில் பழைய வரைபடம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார் ஒருவரை அழைத்து, இது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். சிமென்டை மட்டும் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விடும் இயல்புடையது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரத்திலுள்ள உப்பு படிகமாகிச் செங்கல்லையே அரித்துவிடும்.

முன்பு சொன்ன அலுவலகத்தில் அடைப்புகளை உளியால் பொறுமையாகத் தட்டி எடுத்தோம். சூடான காற்று மேலெழுந்து வெளியேறுவதற்காக வைக்கப்பட்ட துளைகள் அவை. மழைச் சாரலும் பறவைகளும் உள்ளே புகாமலிருக்கத்தான் நட்சத்திரச் சல்லடை. ஆறில் நான்கு சேதமின்றிக் கிடைத்தன. உடைந்த இரண்டுக்கு மாற்றாக, அருகிலிருந்த குயவர் ஒருவர் அதே அளவில் வனைந்து சுட்டுக் கொடுத்தார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் போய்ப் பார்த்தேன். சுவர் தொட்டால் உலர்ந்திருந்தது. அந்த ஆறு நட்சத்திரங்களின் வழியே இறங்கிய காலை வெளிச்சம் கோப்பு அடுக்குகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது.