பெயரற்ற எலும்புத் துண்டுகளிலிருந்து ஒரு மனிதக் கிளை

"விரல் நுனியளவு எலும்பை வைத்துக்கொண்டு, அழிந்துபோன ஒரு மனித வகையே வாழ்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? அது ஊகம்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் குறிப்பிடுவது டெனிசோவர்களை. முழு எலும்புக்கூடு கிடைத்தால்தான் நம்புவோம் என்று காத்திருந்தால், அந்த மனிதர்களைப் பற்றி இன்றுவரை நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவர்களை அடையாளம் காட்டியது எலும்பின் வடிவம் அன்று, எலும்புக்குள் எஞ்சியிருந்த மூலக்கூறுகள். அதிலும் டி.என்.ஏ. பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய படியில் பணியாற்றும் கொலாஜன் என்ற புரதத்தின் கதை போதிய அளவு சொல்லப்படவில்லை என்பதால், அதையே இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சைபீரியாவின் தென்பகுதியில், அல்தாய் மலைத்தொடரில், அனுய் ஆற்றின் கரைக்கு மேலே டெனிசோவா குகை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் உருவான குகைகளில் மழையும் வெயிலும் நேரடியாகத் தாக்குவதில்லை. எலும்பை அரிக்கும் அமிலத்தன்மை பொதுவாகக் குறைவு. வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. டெனிசோவாவில் கூடுதலாகக் கடுங்குளிரும் சேர்ந்துகொண்டது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0 பாகை செல்சியஸ்தான். உயிர் மூலக்கூறுகளைச் சிதைக்கும் வேதிவினைகள் குளிரில் மிக மெதுவாகவே நடக்கும்.

2008-இல் ரஷ்யத் தொல்லியலாளர்கள் அங்கே ஒரு சிறு விரல் எலும்பைக் கண்டெடுத்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் ஸ்வாந்தே பாபோவின் குழுவினர் அதன் டி.என்.ஏ.வைப் படித்தபோது, அது நம்முடையதாகவும் இல்லை, அழிந்துபோன இன்னொரு மனித வகையான நியாண்டர்தால்களுடையதாகவும் இல்லை. 2010-இல் முடிவுகள் வெளியாயின. நியாண்டர்தால்களின் சகோதரக் கிளையாக அதுவரை எவரும் அறிந்திராத ஒரு மனிதக் கூட்டம் ஆசியாவில் வாழ்ந்திருக்கிறது என்பதும், பப்புவா நியூகினி மக்களின் மரபணுத்தொகுதியில் சில விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது என்பதும் தெரியவந்தன. பாபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதுவரை பலரும் அறிந்த கதை.

அந்தக் குகையில் கிடைக்கும் எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை எந்த விலங்கினுடையவை என்றே சொல்ல முடியாத சில்லுகள். காரணம், பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் குகையில் மனிதர்களோடு கழுதைப்புலிகளும் ஓநாய்களும் மாறி மாறித் தங்கியிருக்கின்றன. கழுதைப்புலியின் தாடை கனமான எலும்பையும் நொறுக்கிவிடும். சில துண்டுகள் அதன் வயிற்றுக்குள் போய், அமிலத்தில் அரிக்கப்பட்டு வெளியே வந்தவை. மூட்டோ பல்லோ இருந்தால் எலும்பியல் வல்லுநர் அடையாளம் சொல்லிவிடுவார். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சில்லைக் கொடுத்தால் அவராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்தக் குவியலில் ஒரு மனிதத் துண்டு இருந்தாலும் அது மான், மாடு, குதிரை எலும்புகளோடு சேர்ந்து பைக்குள் போய்விடும். எல்லாத் துண்டுகளுக்கும் டி.என்.ஏ. ஆய்வு செய்வதென்றால் செலவும் நேரமும் கட்டுப்படியாகாது.

இங்கேதான் கொலாஜன் உதவிக்கு வருகிறது. எலும்பின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தப் புரதம்தான். அமினோ அமிலங்களால் ஆன மூன்று நீண்ட சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் அலகுகள், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகின்றன. ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தே ஆக வேண்டும். அதைவிடப் பெரியது அந்த இடத்தில் வந்தால் கயிறு இறுக்கமாக முறுகாது. இந்தக் கட்டாயத்தால் கொலாஜன் பரிணாமத்தில் மிக மெதுவாகவே மாறுகிறது. ஆனாலும் அது மாறாமலே இருப்பதில்லை. மாடும் குதிரையும் பிரிந்து சென்ற கோடிக்கணக்கான ஆண்டுகளில், இடையிலுள்ள அலகுகளில் சில வேறு அமினோ அமிலங்களாக மாறியிருக்கின்றன. மெதுவாக மாறுவதால் ஒரே பேரினத்து விலங்குகளில் அது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கொஞ்சமாவது மாறுவதால் பேரினங்களைப் பிரித்துக்காட்டுகிறது. இறுகிய முறுக்கோடு எலும்பின் கனிமப் படிகங்களும் அரணாகச் சூழ்ந்திருப்பதால், டி.என்.ஏ. சிதைந்து போன எலும்பிலும் கொலாஜன் தாக்குப்பிடிக்கக்கூடும்.

ஆய்வு முறை எளிமையானது. எலும்பிலிருந்து சில மில்லிகிராம் மட்டும் சுரண்டியெடுத்துக் கரைசலில் சூடாக்கிக் கொலாஜனைப் பிரிக்கிறார்கள். பிறகு டிரிப்சின் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். நம் குடலில் உணவுப் புரதத்தைச் செரிக்கும் அதே நொதிதான். அது சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. லைசின், அர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்து மட்டுமே வெட்டும். பல பூக்களால் தொடுத்த கதம்ப மாலையில் ஒவ்வொரு கனகாம்பரத்துக்கும் அடுத்து நறுக்கினால், ஒரே மாதிரியான மாலைகளிலிருந்து எப்போதும் ஒரே எடைகளுள்ள துண்டுகளே கிடைக்கும். ஒரு மல்லிகை இருந்த இடத்தில் ரோஜா வந்திருந்தால் அந்தத் துண்டின் எடை மட்டும் மாறும். அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் செரின் என்ற இன்னொன்று வந்தால் துண்டின் நிறை 16 அணுநிறை அலகு கூடுகிறது. ஒரு துண்டின் வரிசையை முழுதாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லை, நிறுத்துப் பார்த்தால் போதும் என்பதுதான் இந்த முறையின் அழகு.

மூலக்கூறை எப்படி நிறுப்பது? துண்டுகளின் கலவையை ஒரு படிகப் பொருளோடு உலர்த்தி, அதன்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். மின்னேற்றம் பெற்று எழும்பும் துண்டுகளை மின்புலம் ஒன்று வெற்றிடக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் கிடைப்பது ஒரே ஆற்றல் என்பதால் இலேசானவை விரைந்து ஓடி மறுமுனையை முதலில் அடைகின்றன, கனமானவை பின்தங்குகின்றன. வந்துசேர்ந்த நேரத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிட்டால், சிகரங்கள் நிறைந்த ஒரு வரைபடம் கிடைக்கும். மாட்டுக்கு ஒரு வரைபடம், குதிரைக்கு இன்னொன்று, கரடிக்கு வேறொன்று. இதைக் கொலாஜனின் கைரேகை என்றே சொல்லலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவியாக இருந்த சமந்தா பிரவுன், டெனிசோவா குகையின் 2,315 பெயரற்ற எலும்புத் துண்டுகளை இந்த முறையில் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவற்றில் ஒரே ஒரு துண்டின் வரைபடம், மனிதர்களும் பெரிய வாலில்லாக் குரங்குகளும் அடங்கிய குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. சைபீரியாவில் கொரில்லா வாழ்ந்ததில்லை. எனவே அது மனித எலும்பு. நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 2016-இல் இம்முடிவு வெளியானது.

கொலாஜன் இதற்கு மேல் பேசாது. நாம், நியாண்டர்தால்கள், டெனிசோவர்கள் ஆகிய மூவரையும் இந்த வரைபடத்தால் பிரிக்க முடியாது. அங்கிருந்து டி.என்.ஏ. பொறுப்பேற்றது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நியாண்டர்தால் வகையாக இருந்ததால், இதுவும் ஒரு நியாண்டர்தால் என்றே முதலில் தோன்றியது. ஆனால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வைப் படித்த, பாபோவின் குழுவைச் சேர்ந்த விவியன் ஸ்லோனுக்கு வியப்பு காத்திருந்தது. நியாண்டர்தாலும் டெனிசோவரும் வேறுபடும் இடங்களைப் பார்த்தால், மரபணுத்தொகுதி நெடுகிலும் ஒரு பிரதி நியாண்டர்தாலுடையதாகவும் மறு பிரதி டெனிசோவருடையதாகவும் இருந்தது. கலப்பு பல தலைமுறைகளுக்கு முன் நடந்திருந்தால், குரோமோசோம்கள் தலைமுறைதோறும் துண்டு மாற்றிக்கொண்டு, இரு பிரதிகளும் ஒரே வகையாக உள்ள நீண்ட பகுதிகள் ஆங்காங்கே தோன்றியிருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆகவே தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவர். நேரடியான முதல் தலைமுறைக் குழந்தை. 2018-இல் வெளியான இந்த ஆய்வு, ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, குறைந்தது 13 வயது நிரம்பிய ஒரு பெண்ணை நமக்கு அறிமுகம் செய்தது. தந்தையின் பக்கத்திலும் பல நூறு தலைமுறைகளுக்கு முந்தைய ஒரு நியாண்டர்தால் மூதாதையின் சுவடு இருந்தது. தாயோ, அதே குகையில் அதற்கு முன் வாழ்ந்த நியாண்டர்தாலைவிட, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் குரோவேஷியாவில் பிற்காலத்தில் வாழ்ந்த நியாண்டர்தால்களுக்கே நெருங்கிய உறவு. ஒரு சில்லு எலும்பு இரண்டு குடும்பங்களின் வரலாற்றையும் ஒரு பெரும் இடப்பெயர்வையும் சொல்லிவிட்டது. வாசகர் கேட்டதற்கு இதுதான் என் பதில்: ஊகம் என்பது சரிபார்க்க முடியாதது, இதில் ஒவ்வொரு படியையும் வேறோர் ஆய்வகம் மீண்டும் செய்து பார்க்கலாம்.

இந்தியாவை நினைத்தால் எனக்கு ஆதங்கம் எழுகிறது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 3,85,000 ஆண்டுகள் பழமையான இடைப் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் எடுக்கப்பட்ட தொல்மனித மண்டையோட்டுப் பகுதிக்கு நிகரான இன்னொன்றை நாம் இதுவரை காணவில்லை. ஆந்திரத்தின் கர்நூல் சுண்ணாம்புக் குகைகளில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1880-களிலேயே விலங்குப் புதைபடிவங்களைத் தோண்டியெடுத்தார். அத்தகைய குகைகளின் பெயரற்ற சில்லுகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் சலித்துப் பார்க்கும் பணிக்கு நிதி ஒதுக்குவது வீண்செலவு அன்று என்பது என் உறுதியான கருத்து. ராட்சத மனித எலும்புக்கூடுகள் என்று பொய்ப் படங்கள் சுற்றிவரும் சூழலில், உண்மையான எலும்பு எப்படி இருக்கும் என்பதை மாணவர்களுக்குக் கையில் எடுத்துக் காட்டவும் அது பயன்படும்.

வெப்பமண்டலத்தில் மூலக்கூறுகள் தங்காது என்று மறுப்புச் சொல்வார்கள். கொலாஜனும் டி.என்.ஏ.வும் நம் வெப்பத்தில் விரைவில் சிதையும் என்பது உண்மைதான். ஆனால் உடலிலேயே மிகக் கடினமான பொருளான பல் எனாமலுக்குள் சிக்கியிருக்கும் புரதங்கள் அதைவிட நெடுங்காலம் நிலைக்கின்றன. லாவோஸ் நாட்டின் ஒரு குகையில் கிடைத்து 2022-இல் அறிவிக்கப்பட்ட கடைவாய்ப் பல் ஒன்று, வடிவத்தைக் கொண்டு டெனிசோவருடையதாகக் கருதப்படுகிறது. அது ஒரு பெண்ணுடையது என்பதற்கான அறிகுறியை எனாமல் புரதமே தந்தது. தைவானை ஒட்டிய கடலடியிலிருந்து மீன்வலையில் வந்த தாடை எலும்பு ஒன்றை, 2025-இல் வெளியான புரத ஆய்வு டெனிசோவ ஆணுடையது என்று உறுதிப்படுத்தியது. இரண்டுமே சைபீரியக் குளிரிலிருந்து வெகு தொலைவில், நம்முடையதைப் போன்ற வெம்மையான நாடுகளில் கிடைத்தவை.