பத்து மெஷின், பத்து நகல்: பிஎல்சி நிரல்களை ஒரே அட்டவணையில் பார்ப்பது

புது ஆர்டர் வந்ததும் போன மெஷினின் பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) புராஜெக்டைத் திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுப்பது பல ஆட்டோமேஷன் குழுக்களின் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். வினை பிறகுதான் தெரியும்: கன்வேயரை இயக்கும் பிளாக்கில் (நிரலின் ஒரு தனிப் பகுதியில்) ஒரு பிழையைத் திருத்தினால், அதே பிளாக் இன்னும் எத்தனை மெஷினில் எந்த வடிவில் ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது.

அதற்கு ஓர் அட்டவணை போதும். இடப்பக்கம் பிளாக்குகள், மேலே மெஷின்கள். அச்சாக ஒன்றானால் பச்சை, வேறுபட்டால் மஞ்சள், இல்லையென்றால் வெள்ளை.

சிக்கல் சேகரிப்பிலேயே தொடங்கும். கமிஷனிங்கில் (மெஷினை நிறுவி ஓடவைக்கும்போது) செய்த மாற்றம் ஆபீஸ் சர்வருக்கு வராமல் கன்ட்ரோலரிலேயே தங்கியிருக்கும். சீமென்ஸ் எஸ்7-300 கன்ட்ரோலரிலிருந்து அப்லோட் செய்தால் பிளாக் வரும், சிம்பல் பெயர்களும் (முகவரிகளுக்கு நாம் வைத்த பெயர்கள்) கமெண்டும் வராது. கோடெசிஸ் என்னும் பிஎல்சி நிரல் மென்பொருளில் சோர்ஸையும் சேர்த்து கன்ட்ரோலருக்கு இறக்கியிருக்காவிட்டால் திரும்ப எடுக்கவே வழியில்லை.

அடுத்தது சுத்தம் செய்தல். பிஎல்சி நிரல்களைப் பரிமாறும் பிஎல்சிஓப்பன் எக்ஸ்எம்எல் கோப்பில் லேடர் படத்தின் (ஏணி வடிவில் வரையும் நிரலின்) இட அளவுகளும் இருக்கும். ஒரு கான்டாக்டை (சுவிட்ச் குறியை) ஒரு கட்டம் நகர்த்தினாலே ‘மாற்றம்’ என்று காட்டும். இட அளவு, உள் எண், கமெண்ட், தேதி எல்லாவற்றையும் நீக்கி, நேரடி முகவரிகளுக்குச் சிம்பல் பெயரிட்ட பிறகே ஒப்பிடுங்கள். பெயரை வைத்து மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். முதலில் இன்புட், அவுட்புட் பட்டியல், பிறகு உள் லாஜிக்.

ஒற்றுமைச் சதவீதத்தை நம்பிப் பச்சை அடிப்பது ஆபத்து. நார்மலி ஓப்பன் (சிக்னல் வந்தால் வழிவிடும்) கான்டாக்ட் ஒன்று நார்மலி குளோஸ்டாக (சிக்னல் வந்தால் தடுப்பதாக) மாறினால் கணக்கு 99 சதவீதம் என்னும்; மெஷினோ நேர்மாறாக ஓடும். லாஜிக்கில் ஒரு புள்ளி மாறினாலும் மஞ்சள்தான்.

மஞ்சள் கட்டங்களில் பல உண்மையான வேரியன்ட்டே (தனி வகையே) அல்ல. டைமர் ஒன்றில் 2 வினாடி, இன்னொன்றில் 3 வினாடி என்றால் அதை இன்புட் ஆக்குங்கள். ஒரு மெஷினில் மட்டும் செய்த பிழைத்திருத்தமா, மற்றவற்றுக்கும் கொண்டுபோங்கள். சிலிண்டருக்குப் பதில் சர்வோ வந்திருந்தால்தான் அது வேரியன்ட்: வெளியே தெரியும் இன்டர்ஃபேஸ் ஒன்று, உள்ளே இரண்டு பிளாக். பிஎல்சி நிரல் மொழிகளுக்கான ஐஇசி 61131-3 தரநிலையின் 2013 பதிப்பு இதற்கு இடம் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளாக்கில் திணித்து நாற்பது பூலியன் (ஆம்/இல்லை) சுவிட்ச் வைப்பவர்களும் உண்டு. அடுத்த வாடிக்கையாளருக்காக அதைத் தொட்டால் பழைய மெஷின் அத்தனைக்கும் மறுசோதனை.

சேஃப்டி நிரலை (ஆட்களைக் காக்கும் பகுதியை) அட்டவணையில் காட்டுங்கள், ஒன்றாக்க மட்டும் அவசரப்படாதீர்கள். அதன் கையெழுத்து எண் (நிரலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறினால் ஏற்புச் சோதனையை மறுபடி செய்ய வேண்டிவரும்.