மருத்துவ வீரரின் தோளில் தொங்கும் ரைஃபிள்

அதிரடிக் குழுவோடு செல்லும் மருத்துவ வீரருக்கு ரைஃபிள் கையில் இருக்கும் நேரத்தைவிட அது தோளில் தொங்கும் நேரமே பெரும் சோதனை. ஆகவே அவருக்கான ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு தூரம் சுடும் என்பதைக் காட்டிலும், இரு கைகளும் தேவைப்படும் கணத்தில் எவ்வளவு எளிதாக ஒதுங்கி நிற்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

மருத்துவப் பணியாளர் ஆயுதம் ஏந்தலாமா என்ற கேள்விக்கு, போர்க்களத்தைப் பொறுத்தவரை 1949ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கை விடை தருகிறது: தம்மையும் தம் பொறுப்பிலுள்ள காயமுற்றோரையும் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருப்பதால் அவர் தமக்குரிய சட்டப் பாதுகாப்பை இழப்பதில்லை. 1996இல் அமெரிக்காவில் வெளியான போர்க்களச் சிகிச்சை நெறிமுறையும், குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்கும்வரை எதிர்த்தாக்குதலுக்கே முதலிடம் தந்து, சிகிச்சையைப் பெரும்பாலும் கைகால்களின் கடும் இரத்தப்போக்கை, குச்சியால் திருகி இறுக்கும் பட்டையான டூர்னிகெட் கட்டி நிறுத்துவதோடு முடித்துக்கொள்கிறது.

இங்கேதான் நீளம் கணக்கில் வருகிறது. எம்16 ரைஃபிளின் குழல் 508 மில்லிமீட்டர். அதன் குறுகிய வடிவமான எம்4 கார்பைனின் குழல் 368 மில்லிமீட்டர். ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றும் சீரான தண்டு காட்டும் எதிர்ப்பு, எடை மாறாவிட்டாலும், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், முன்பக்கம் சிறிது குறைந்தாலும் கை அதை உடனே உணர்கிறது. குழல் குறுகினால் வாயு குண்டைத் தள்ளும் தூரமும் குறைந்து வேகம் சற்றுக் குறையும். அறைக்குள் நடக்கும் மோதலில் அது பெரிய இழப்பன்று. ஆனால் அழுத்தம் தணியாத வாயு குழல் வாயில் வெடித்து வெளியேறுவதால் ஓசை கூடுகிறது. ரைஃபிளின் வெடியோசை எப்படியும் 140 டெசிபெலைத் தாண்டும் என்பதால், காப்பில்லாத காது சிறிது நேரம் மந்தமாகி, ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சொலி கேட்காமல் போகலாம். அப்போது மார்பின் ஏற்றத்தாழ்வைக் கண்ணாலும் உள்ளங்கையாலும்தான் அறிய வேண்டும். சைலன்சர் ஓசையைத் தணிக்கும். ஆனால் குறைத்த நீளத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

தோள்வாரை நான் குழலுக்கு இணையாகவே மதிப்பேன். ஒற்றைப் புள்ளியில் மாட்டிய ரைஃபிள், வீரர் மண்டியிட்டவுடன் முன்னால் ஊசலாடி, கீழே கிடப்பவரின் முகத்தில் இடிக்கும். பலமுறை சுட்ட குழலாக இருந்தால் தோலையும் சுட்டுவிடும். இரு முனைகளிலும் பூட்டிய வாரை இழுத்து இறுக்கினால் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

பயிற்சியும், கை ரைஃபிளிலிருந்து சிகிச்சைக்கும் மீண்டும் ரைஃபிளுக்கும் மாறும் இந்த மாற்றத்தைச் சுற்றியே அமைய வேண்டும். வெற்றுத் துப்பாக்கியோடு, சோப்புநீரில் நனைந்த கையுறையை அணிந்து, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு, வாரை இழுத்து, மண்டியிட்டு, காயத்துக்கும் உடலுக்கும் இடையே டூர்னிகெட்டைக் கட்டி, இரத்தம் நிற்கும் அளவுக்குக் குச்சியைத் திருகி, நேரத்தைக் குறித்துவிட்டு, மறுபடி ரைஃபிளை ஏந்த வேண்டும். மருந்துப் பையையும் சுமந்தே பழக வேண்டும். குப்புறப் படுக்கும்போது பை ஹெல்மெட்டைப் பின்னிருந்து தள்ள, தலை நிமிராமல் குறிநோக்கி கண்ணுக்கு எட்டாமலே போவதுண்டு.

பிறருடைய ஆயுதங்களும் அவருடைய பாடமே. தலைக்காயத்தாலோ இரத்த இழப்பாலோ மனம் தெளிவிழந்த தோழரின் துப்பாக்கியை உடனே வாங்கிவிட வேண்டும் என்பதால், குழுவிலுள்ள ஒவ்வொரு வகைத் துப்பாக்கியையும் இருட்டிலும் தடவிப் பார்த்தே தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றி, குழலின் பின்னுள்ள தோட்டா அறையைக் காலிசெய்ய அவர் அறிந்திருக்க வேண்டும்.